ரம்பம் சுற்றினால் தூசி உறிஞ்சியும் சுற்ற வேண்டும்

பத்துப் பலகைகளை வரிசையாக அறுக்க வேண்டுமென்றால், பட்டறையில் டஸ்ட் கலெக்டர் (தூசியை உறிஞ்சும் பெரிய மெஷின்) இருக்கும் யாரும் அதை ஆன் செய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஒரே ஒரு துண்டில் கால் அங்குலம் குறைக்க வேண்டுமென்றால்? ரம்பத்தை ஓட்டி, அறுத்து, நிறுத்தப் பத்து விநாடி போதும். அதற்காக மறு மூலைக்கு நடந்துபோய் கலெக்டரின் சுவிட்சைப் போட்டு, முன்பு வேலை செய்த மெஷினின் கேட்டை (அதன் உறிஞ்சு குழாயை அடைக்கும் தகட்டை) மூடி, இந்த மெஷினின் கேட்டைத் திறந்துவிட்டு வர மனம் வராது. ஒரு வெட்டுதானே என்று அறுத்துவிடுவோம். ஒருவர் இருவர் வேலை செய்யும் பட்டறையில் ஒரு நாள் என்பதே பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றை வெட்டுகள்தான். அளவு பார்ப்பது, வெட்டுவது, பொருத்திப் பார்ப்பது, மறுபடி ஒரு நூல் குறைப்பது.

தூசி உறிஞ்சியைத் தானாக இயங்கவைப்பதை வசதிக்கான விஷயமாகத்தான் பலரும் பேசுகிறார்கள். இந்த ஒற்றை வெட்டுகளைக் கணக்கில் எடுத்தால் அது உடம்பைக் காக்கும் விஷயம் என்று புரியும். மனிதர் மறக்கிற, சோம்புகிற இடத்தில்தான் அது வேலை செய்கிறது.

மரத்தூள் என்றதும் தரையில் குவியும் தூளும் இழைப்புச் சுருளும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பெருக்கி அள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது வேறு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி உள்ளே போகக்கூடியவை. 2.5 மைக்ரானுக்குக் கீழே என்றால் நுரையீரலின் அடிவரை போகும். காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள் போல ஆகிவிடும். காலையில் ஒரே வெட்டு என்று அறுத்ததன் நுண்தூசி மதியச் சாப்பாட்டின்போதும் அந்த அறைக் காற்றில்தான் இருக்கும். முகக்கவசத்தை வெட்டு முடிந்ததுமே கழற்றியிருப்போம்.

இது என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஹை விக்கம், நாற்காலிக்கும் மர அறைகலனுக்கும் பேர்போன ஊர். அங்கே பணியாற்றிய காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட், 1960-களில் ஒன்றைக் கவனித்தார். மிக அரிதான ஒரு வகை மூக்குப் புற்றுநோய், தன்னிடம் வரும் மரத்தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அவரும் டொனால்ட் அச்சசன் முதலானவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 1968-இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத் தூசிக்கான வரம்பு, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். பிரிட்டனில் 3.

இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் தன் 14-ஆம் பிரிவில் இதைத் தொட்டது. தூசி கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகிலேயே உறிஞ்ச வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடியிருக்க வேண்டும் என்றது. இதைவிடச் சுருக்கமாக, சரியாக ஒரு தூசி விதியை நான் படித்ததில்லை. ஆனால் ஆசாரியும் ஓர் உதவியாளும் வேலை செய்யும் பட்டறை அந்தச் சட்டம் சொன்ன தொழிற்சாலைக்குள் வந்ததில்லை. அங்கே வந்து கேட்பவர் யாருமில்லை. நாமே ஏற்பாடு செய்துகொண்டால்தான் உண்டு.

சரி, ஏற்பாடு என்றால் என்ன? முதலில் காற்றின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அது சரியில்லாமல் எத்தனை சென்சார் வைத்தாலும் பயனில்லை.

தூசி உறிஞ்சும் மெஷின்கள் இரண்டு வகை. ஒன்று வாக்குவம். சிறிய ஓஸில் கடும் இழுப்போடு கொஞ்சம் காற்றை இழுப்பது. கையில் பிடிக்கும் சாண்டர், ரவுட்டர், கட்டர் மெஷின் இவற்றுக்கு அதுதான் பொருத்தம். இன்னொன்று டஸ்ட் கலெக்டர். இழுப்பு மென்மை, ஆனால் காற்றின் அளவு பல மடங்கு. டேபிள் ரம்பம், பிளேனர், பேண்ட் சா போன்ற நிலையான மெஷின்களுக்கு அது வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டுமே ஏமாற்றும். பிளேனரோடு வாக்குவத்தை இணைத்தால் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். சாண்டரின் மெல்லிய ஓஸைக் கலெக்டரோடு இணைத்தால் அந்த ஓஸின் தடையிலேயே இழுப்பு செத்துப்போகும்.

மரத்தூள் பைப்பில் படியாமல் ஓட, காற்று விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 100 மில்லிமீட்டர் பைப்பில் அந்த வேகத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 565 கன மீட்டர் காற்று தேவை. 150 மில்லிமீட்டர் பைப்புக்கு 1,270. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பல தானியங்கி அமைப்புகள் சறுக்குகின்றன. கலெக்டரிலிருந்து 150 மில்லிமீட்டரில் தாய்க்குழாய் வருகிறது, அதிலிருந்து மெஷினுக்கு மெஷின் 100 மில்லிமீட்டர் கிளைகள் பிரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கையால் இயக்கும் காலத்தில் இரண்டு மூன்று கேட்டுகள் திறந்தே கிடக்கும், தாய்க்குழாயில் காற்று வேகமாக ஓடும். தானியங்கி வந்ததும் ஒரு நேரத்தில் ஒரு கேட் மட்டுமே திறக்கிறது. கிளையில் 20 மீட்டர் வேகம் இருந்தால் தாய்க்குழாயில் அது 9 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். கிளையில் ஒழுங்காக ஓடிவந்த தூள் தாய்க்குழாய்க்குள் நுழைந்ததும் அடியில் படியும். மாதக்கணக்கில் படிந்து, ஒரு நாள் பைப்பின் முழங்கை வளைவில் அடைக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. அதிகத் தூள் தரும் பிளேனர், டேபிள் ரம்பம் ஆகியவற்றின் கிளைகளையும் 150 ஆக்கிவிடலாம். அல்லது சிறிய மெஷின் ஓடும்போது கடைக்கோடியில் இருக்கும் இன்னொரு கேட்டையும் சேர்த்துத் திறக்கும்படி புரோகிராமில் எழுதலாம். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. ஆனால் அப்போது இரு வாய்களுக்கும் போதுமான காற்று தர கலெக்டருக்குத் தெம்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினின் வாயில் இழுப்பு குறைந்து, தூசி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

இனி தானியங்கிக்கு வருவோம். அது செய்ய வேண்டிய வேலை எளிது. எந்த மெஷின் ஓடத் தொடங்கியது என்று அறிந்து, அதன் கேட்டைத் திறந்து, கலெக்டரை ஓட்டி, மெஷின் நின்ற பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து நிறுத்துவது. அமெரிக்காவின் ஈகோகேட், கனடாவின் ஐவேக் போன்ற நிறுவனங்கள் இதைத் தயார்ப் பொருளாக விற்கின்றன. ஆர்டுவினோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் போர்டை வைத்துத் தாங்களே செய்துகொள்கிறவர்களும் உலகெங்கும் உண்டு. எந்த வழியில் போனாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

மெஷின் ஓடுவதை அறிய அதன் மின்னோட்டத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி. சத்தத்தையோ அதிர்வையோ வைத்தால் பக்கத்து மெஷின் ஓடினாலும் ஏமாந்துபோகும். மின்னோட்டத்துக்கு, கம்பியைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வகை சென்சார் நல்லது. கம்பியை வெட்டவே வேண்டாம், மின்சாரத்தோடு நேரடித் தொடர்பும் இல்லை. எஸ்.சி.டி.-013 என்ற வரிசை பல எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதில் 30 ஆம்பியர் ரகம், 30 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் தரும்.

மாட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கிளாம்புக்குள் ஃபேஸ் கம்பி மட்டும் போக வேண்டும். மெஷினின் முழுக் கேபிளையும் அதற்குள் விட்டால் சென்சார் எப்போதும் பூஜ்யத்தையே காட்டும். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே சென்சாருக்கு ஏற்ற இடம் விநியோகப் பெட்டி. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால், அதிலிருந்து கிளம்பும் ஃபேஸ் கம்பியில் கிளாம்பை மாட்டிவிடலாம். அந்தப் பெட்டியைத் திறக்கும் வேலையை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

அப்புறம் சின்ன மெஷின்களின் சிக்கல். டேபிள் ரம்பம் சும்மா சுற்றினாலே நாலைந்து ஆம்பியர் இழுக்கும், சென்சாருக்குச் சந்தேகமே வராது. உள்ளங்கை அளவு சாண்டர் அப்படியல்ல. அது அரை ஆம்பியர் எடுத்தால் 30 ஆம்பியர் கிளாம்ப் தருவது 17 மில்லிவோல்ட் மட்டுமே. ஆர்டுவினோ ஊனோவின் அளவீட்டில் ஒரு படி என்பது கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். மூன்று படி வித்தியாசத்தை மின் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் ஃபேஸ் கம்பியைக் கிளாம்பின் துளைக்குள் ஐந்து முறை சுற்றிவிட்டால் அளவு ஐந்து மடங்காகும். கூடுதலாக எந்த உறுப்பும் வேண்டாம்.

மாறுமின்சாரம் என்பதால் ஒரு கணத்தில் எடுத்த அளவை நம்பக் கூடாது. 50 ஹெர்ட்ஸில் ஒரு அலை 20 மில்லி விநாடி. அலை பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் படித்தால், முழு வேகத்தில் ஓடும் மெஷினும் நின்றுவிட்டதாகத் தெரியும். ஐந்து அலைகள், அதாவது 100 மில்லி விநாடி, தொடர்ந்து படித்து அதன் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட வேண்டும். மெஷின் ஓடாதபோது எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு நன்றாக மேலே ஆன் எல்லையையும், அந்த ஆன் எல்லைக்குச் சற்றுக் கீழே ஆஃப் எல்லையையும் வைப்பது நல்லது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் எல்லைக்கு அருகில் கலெக்டர் ஆன், ஆஃப் என்று துடிக்கும்.

எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த பகுதி நேரக் கணக்கு.

ரம்பம் ஓடத் தொடங்கிய அந்தக் கணமே கலெக்டரையும் ஓட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 2 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் 10, 11 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்து ஆறு மடங்கு. இரண்டு மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பினால் நூறு ஆம்பியரைத் தாண்டும். சி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழுந்துவிடும். இரண்டுக்கும் முன்னால் ஒரே எம்.சி.பி. இருந்தால் அது விழ வாய்ப்பு அதிகம். விழாவிட்டாலும் விளக்குகள் மங்கும், ரம்பம் தடுமாறும். ஆகவே மெஷின் கிளம்பிய ஒன்றரை, இரண்டு விநாடி கழித்துக் கலெக்டரைக் கிளப்ப வேண்டும். அதற்குள் ரம்பம் வேகம் பிடித்திருக்கும். அந்த இடைவெளியில்தான் கேட்டும் திறக்கிறது. பிளேடு முழு வேகம் பிடிக்கும்வரை எப்படியும் மரத்தை உள்ளே தள்ள மாட்டோம் என்பதால் இழப்பு எதுவும் இல்லை.

நிறுத்துவதில் அவசரமே கூடாது. மெஷினின் மின்சாரம் நின்ற பிறகும் பிளேடு பல விநாடிகள் சுற்றி ஓய்கிறது. அதன் உறைக்குள் தூசி சுழன்றுகொண்டிருக்கிறது, பைப்பின் செங்குத்துப் பகுதியில் ஏறிக்கொண்டிருந்த தூள் பாதி வழியில் நிற்கிறது. அப்போதே கலெக்டரை நிறுத்தினால் அது திரும்பக் கீழே விழுந்து அடியில் சேரும். இதற்கு எட்டு பத்து விநாடி போதும். ஆனால் கலெக்டரின் இம்பெல்லர், அதாவது காற்றை இழுக்கும் விசிறிச் சக்கரம், கனமானது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் சுருள் சூடேறுகிறது. ஒற்றை வெட்டுகளாக நடக்கும் வேலையில் நிமிடத்துக்கு இரண்டு முறை கிளப்பினால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் சீக்கிரம் போகும். நான் பரிந்துரைப்பது ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேல். அளவு பார்த்து அடுத்த வெட்டுக்கு வரும்வரை கலெக்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும். காற்றில் நிற்கும் நுண்தூசியில் கொஞ்சமும் அந்த நேரத்தில் போகும். மின்சாரச் செலவு என்று பார்த்தால் 2 எச்.பி. மோட்டார் ஒரு நிமிடம் கூடுதலாக ஓடுவது ஒன்றுமே இல்லை.

கேட்டுகளில் கவனிக்க வேண்டியது அடைப்பு. சாதாரண ஸ்லைடு கேட்டில் தகடு உட்காரும் பள்ளத்தில் தூள் சேர்ந்து இறுகும். நாளடைவில் தகடு முழுதாக மூடாது. கையால் தள்ளும்போது நாம் கொஞ்சம் அழுத்திவிடுவோம். கேட்டை நகர்த்தும் சின்ன சர்வோ மோட்டார் அங்கேயே திணறி எரிந்துபோகும். பள்ளத்தின் கடைசி ஓரம் திறந்திருந்து, தகடு ஒவ்வொரு முறையும் தூளை வெளியே தள்ளும்படியான கேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கும் பட்டறையில் காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர் இன்னும் நம்பகமானது. எதுவானாலும் தகடு கடைசிவரை போனதா என்று சொல்ல இருபுறமும் லிமிட் சுவிட்ச் வேண்டும். கேட் திறக்காமலே கலெக்டர் ஓடுவதை, காதில் மஃப் மாட்டி வேலை செய்கிறவர் கவனிக்கவே மாட்டார்.

கலெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், புதிய கேட்டைத் திறந்த பிறகே பழையதை மூட வேண்டும். எல்லாம் மூடியிருக்கும் நேரத்தில் மெல்லிய பைப்பும் ஓஸும் உள்வாங்கி நசுங்கலாம். மோட்டார் திணறி எரிந்துவிடும் என்று சிலர் பயப்படுவது மட்டும் தவறு. இந்த வகை ஃபேனில் காற்று ஓடாதபோது மோட்டாரின் சுமை குறையவே செய்யும். வேலை முடிந்ததும் கடைசிக் கேட்டைத் திறந்தே விட்டுவிடுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

சுவிட்ச் செய்யும் உறுப்பில் சிக்கனம் வேண்டாம். ஆர்டுவினோவோடு பயன்படுத்தும் நீல நிறச் சின்ன ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது ஹீட்டர், பல்பு போன்ற சுமைக்கான எண். மோட்டார் கிளம்பும் மின்னோட்டத்தில் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு கலெக்டரை நிறுத்தவே முடியாது. அந்த ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலேயின்) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். கூடவே, மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் எடுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் வேண்டும்.

மின்வெட்டையும் இங்கே யோசிக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது கலெக்டர் தானாகக் கிளம்புவதால் பெரிய தீங்கில்லை. ரம்பம் தானாகக் கிளம்பினால் விரல் போகும். அதனால் தானியங்கி தொடுவது கலெக்டரை மட்டுமாக இருக்க வேண்டும். வெட்டும் மெஷின்களை ஆன் செய்வது மனிதக் கையின் வேலை. அவற்றில் மின்சாரம் போனதும் விழுந்து, மறுபடி அழுத்தினால் மட்டும் கிளம்பும் நோ-வோல்ட் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

கையில் பிடிக்கும் மெஷின்களுக்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படாது. பாஷ் ஜி.ஏ.எஸ். 15 பி.எஸ். போன்ற வாக்குவங்களின் உடம்பிலேயே ஒரு சாக்கெட் இருக்கும். சாண்டரை அதில் செருகினால் சாண்டர் ஓடும்போது வாக்குவமும் ஓடும், நின்ற சில விநாடிகளுக்குப் பிறகு நிற்கும். மேலே சொன்ன அதே தத்துவம்தான், ஒரு பெட்டிக்குள் அடங்கியது. வாங்கும்போது தூசி வகுப்பைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் எல் வகுப்பு 1 சதவீதம்வரை தூசியை வெளியே விடலாம், எம் வகுப்பு 0.1 சதவீதம் மட்டுமே. ஓஸில் காற்றின் வேகம் 20 மீட்டருக்குக் கீழே போனால் எம் வகுப்பு மெஷின் எச்சரிக்கும். நாளெல்லாம் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தேய்க்கிறவருக்கு அந்த விலை வித்தியாசம் நியாயமானது.

எல்லாம் தானாக நடக்கத் தொடங்கியதும் புதிதாக ஓர் ஆபத்து வருகிறது. கலெக்டரின் பக்கம் போகவே வேண்டியதில்லை என்பதால் அதைப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது. காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோனின் கீழே இருக்கும் ட்ரம் நிரம்பிவிட்டால், அதன் பிறகு வரும் தூள் முழுவதும் நேராக ஃபில்டருக்குப் போகும். பிளேனர் ஓடும் நாளில் சில நிமிடங்களிலேயே ஃபில்டரின் மடிப்புகள் இறுக அடைபடும். இழுப்பு பாதியாகக் குறையும். கலெக்டரோ வழக்கமான சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஏற்பாடும் இல்லாத பட்டறையைவிட இது மோசம், ஏனென்றால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் முகக்கவசத்தையும் போட்டிருக்க மாட்டோம்.

மரத்தூள் குவிந்து கிடப்பது தீக்கும் வழி. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மாத இடைவெளியில் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் என்ற இரு ஊர்களின் மர அறுவை ஆலைகள் மரத்தூள் வெடித்து எரிந்தன. ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். சின்னப் பட்டறையின் அளவு வேறு, ஆனாலும் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை இந்த பைப்போடு இணைக்கவே கூடாது. ஒரு பொறி ட்ரம்முக்குள் மணிக்கணக்கில் புகைந்து, ஆளில்லாத இரவில் பற்றிக்கொள்ளும். ட்ரம்மை நிரம்பும்வரை காத்திராமல் அன்றன்றே காலி செய்து, தூளைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பது நல்லது.

ஆகவே கேட்டுகளுக்கு மோட்டார் வாங்கும் முன்பே இரண்டு சின்னச் சாதனங்களை வாங்கச் சொல்வேன். ஒன்று, ட்ரம்மின் மூடியில் தூள் மட்டத்தைப் பார்க்கும் சென்சார். நிரம்பினால் அது கலெக்டரை நிறுத்துவதோடு, வேலை செய்கிறவர் கண்ணில் படும்படி ரம்பத்துக்கு நேர் எதிரே ஒரு சிவப்பு விளக்கை எரிய வைக்க வேண்டும். இரண்டு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானி. நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய ஒரு வளைந்த பிளாஸ்டிக் டியூப் கூட அந்த வேலையைச் செய்யும். ஃபில்டர் புதிதாக இருக்கும்போது தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மட்ட வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்கானால் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்தச் சுத்தத்தைப் பட்டறைக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு மாதத் தூசி முழுவதும் அந்த மடிப்புகளில்தான் இருக்கிறது.